யாருடைய படகு?

ஆயர் தாவார், பேராக்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேரனுக்குப் பல் முளைத்ததிலிருந்து சரசு தங்கச்சியின் முழங்கால் வலி வரைக்கும் ஒன்று விடாமல் எழுதியிருந்தாய், சந்தோஷம். தங்கச்சியை மாடிப்படி ஏற விடாதே.

இங்கே நாங்கள் சுகம். தோட்டத்தில் பழைய செம்பனையைச் சாய்த்துவிட்டு மறுநடவு நடக்கிறது. நாம் பிறந்த லயம் இருந்த இடத்தில் இடுப்புயரத்துக்குக் கன்றுகள் நிற்கின்றன. மாரியம்மன் கோயிலை மட்டும் யாரும் தொடவில்லை. திருவிழாவுக்கு ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று போய்விட்டவர்கள் எல்லாம் வந்து இறங்குகிறார்கள், ரெண்டு நாளைக்கு ஊர் பழைய ஊர் மாதிரி இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில்தான் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். அதையொட்டி உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பார்சலோனாவில் 2024-இல் நியூசிலாந்து தொடர்ந்து மூன்றாவது முறையாக அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தை ஜெயித்தது. ஆக்லாந்தில் உன் தெருவில் ஒருத்தர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இந்தப் பெரிய பாய்மரப் பந்தயங்களின் காலம் முடிந்துபோனதா என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜனங்களுக்குக் கடல்மேல் இருக்கும் ஆசை போகவில்லை. அந்தப் படகு தங்களுடையது என்ற எண்ணம்தான் போய்விட்டது.

முதலில் ஒரு சின்ன விஷயம், கடிகாரம். இறுதிப் பந்தயங்கள் அங்கே மதியம் இரண்டு மணிக்கு. எங்களுக்கு அது ராத்திரி எட்டு. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து யூடியூபில் பார்த்தேன். உங்களுக்கு நடுராத்திரி தாண்டி ஒரு மணி. மறுநாள் வேலைக்குப் போகிறவன் எப்படி விழித்திருப்பான்? 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தபோது நியூசிலாந்தில் காலை எட்டு மணி சுமாருக்குப் பந்தயம். பசியாறிக்கொண்டே நாடே பார்த்தது. நேரம் வாய்க்காவிட்டால் பாதிக் கூட்டம் அப்போதே போய்விடும்.

ஆனால் நேரம் மட்டும் காரணமில்லை. 1995-ஐ எடுத்துக்கொள். அப்போது நீ இன்னும் நம் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்தாய். பீட்டர் பிளேக் என்பவர் தலைமையில் நியூசிலாந்துக்காரர்கள் சான் டியாகோவுக்குப் போனார்கள். மனைவி வாங்கிக் கொடுத்த சிவப்புக் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் அவர் படகில் ஏறுவார். அவர் ஏறாத ஒரு நாள் படகு தோற்றது. செய்தி ஊருக்கு எட்டியதும் நாடு முழுக்க ஆளாளுக்குச் சிவப்புக் காலுறை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இறுதியில் 5-0. ஆக்லாந்தில் ஊர்வலம் போனபோது தெருவே கொள்ளவில்லை. பாய்மரக் கயிற்றைத் தொட்டே பார்க்காத கிழவிக்கும் அந்தக் காலுறையால் படகில் ஒரு பங்கு இருந்தது.

அப்புறம் என்ன நடந்தது? 2000-இல் கோப்பையைக் காப்பாற்றிக் கொடுத்த ரசல் கூட்ஸும் பிராட் பட்டர்வொர்த்தும் சுவிட்சர்லாந்துப் பணக்காரர் ஒருவரின் அலிங்கி அணிக்குப் போய்விட்டார்கள். கடலே இல்லாத நாடு. 2003-இல் ஆக்லாந்துக்கே வந்து, சொந்த ஊர்க்காரர்களை 5-0 என்று தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டுபோனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, திறமைக்கு விலை உண்டு. ஆனால் கரையில் நின்றவன் மனம் அன்றைக்கு எப்படி வெந்திருக்கும்!

நம் தோட்டப் பந்தாட்டம் ஞாபகம் இருக்கிறதா? நீ இடது ஓரத்தில் ஓடுவாய். பால்வெட்டு முடிந்து கால் கழுவக்கூட நேரமில்லாமல் திடலுக்கு வருவோம். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லயத்தில் அடுப்பு எரியாது, பெண்கள் எல்லாம் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். அப்புறம் சுழற்கேடயம் ஜெயிக்க வேண்டும் என்று வெளியூர்ப் பட்டணத்து ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, கேடயமும் வந்தது. திடலைச் சுற்றி நின்ற கூட்டம்தான் வருஷத்துக்கு வருஷம் கரைந்தது. உங்கள் ஆக்லாந்தில் நடந்ததும் இதுதான். 2021-இல் சொந்தத் துறைமுகத்தில் ஜெயித்த கையோடு, அடுத்த போட்டியை அங்கேயே நடத்த அரசாங்கம் 99 மில்லியன் நியூசிலாந்து டாலர் அளவுக்குத் தருவதாகச் சொன்னது. போதாது என்று அணிக்காரர்கள் பார்சலோனாவுக்குப் போனார்கள். கோப்பையை வைத்திருப்பவர் எங்கே வேண்டுமானாலும் நடத்தலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் வீட்டுத் திருவிழாவை அயலூருக்குக் கொண்டுபோய் நடத்தினால் வீட்டுக்காரன் விருந்தாளியாகிவிடுகிறான். பார்சலோனா ஜனங்களும் அதைத் தங்கள் திருவிழாவாக ஏற்கவில்லை. வீட்டு வாடகை ஏறுகிறது, யாருக்காக இதெல்லாம் என்று கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அடுத்த முறை அந்த நகரம் நடத்த முன்வரவில்லை. 2027-இல் நேப்பிள்ஸ்.

இது பணக்காரர் விளையாட்டு, பிறகு ஜனங்கள் எப்படி ஒட்டுவார்கள் என்று நீ கேட்பாய். 1851-இல் 'அமெரிக்கா' என்ற படகு இங்கிலாந்தில் வைட் தீவைச் சுற்றி ஜெயித்த நாளிலிருந்து இது பணக்காரர் விளையாட்டுதான். ஆனாலும் ஜனங்கள் ஒட்டியிருக்கிறார்கள். தாமஸ் லிப்டனைப் பார். கிளாஸ்கோவில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்து, மளிகைக் கடை வைத்து மேலே வந்தவர். 1899 முதல் 1930 வரை ஐந்து முறை 'ஷாம்ராக்' என்ற பெயரில் படகு கட்டி அமெரிக்காவுக்குப் போனார். ஐந்து முறையும் தோல்வி. 1920-இல் முதல் இரண்டு பந்தயம் அவர் கையில். இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை, ஆனால் மீதி மூன்றும் போய்விட்டன. அப்போதும் முகம் சுளிக்காமல் எதிராளியை வாழ்த்தினார். கடைசித் தோல்விக்குப் பிறகு அமெரிக்க ஜனங்கள் ஆளுக்கு ஒரு டாலர் என்று போட்டு அவருக்குத் தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். ஜெயித்தவனுக்கு இல்லாத மரியாதை! இங்கிலாந்தின் பெரிய யாட் கிளப்போ, கடைக்காரர் என்பதால் அவர் சாகும் வருஷமான 1931 வரை சேர்க்கவே இல்லை. மேட்டுக்குடி தள்ளிவைத்தவரை ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் கதையில் எனக்குக் கனக்கிற பகுதி வேறு. 1890-இல் அவர் இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வாங்கினார். ஹப்புத்தளைப் பக்கம் அவர் கட்டிய தொழிற்சாலை இன்னும் இருக்கிறது. அந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்கள் யார்? நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், அதே வறண்ட ஊர்களிலிருந்து நடந்தும் தோணியிலும் இலங்கைக்குப் போன நம் ஜனங்கள். அந்தப் பாய்களில் வீசிய காற்றில் அவர்கள் வியர்வையும் உண்டு. லிப்டன் தோற்ற விதத்தை நான் மதிக்கிறேன். கோப்பையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்தக் கைகளையும் ஒரு வரி எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, வேகத்தைப் பற்றிப் பேசுவோம். கூட்டத்தைத் திரும்ப இழுக்க வேண்டும் என்றுதான் படகையே மாற்றினார்கள். 1983-இல் ஒரு பந்தயம் மணிக்கணக்காக ஓடும், கரையிலிருந்து ஒன்றும் தெரியாது. இப்போதைய படகு 75 அடி நீளம், நீருக்கு மேலே எழும்பி, நீருக்குள் இருக்கும் ஒற்றை இறக்கையில் பறக்கிறது. வேகம், கடலில் சொல்லும் 'நாட்' கணக்கில் 50-க்கு மேல், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் மேல். அரை மணிக்குள் பந்தயம் முடிந்துவிடும். எந்தப் படகு எத்தனை மீட்டர் முன்னால் என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். இயந்திரம் பழகிய என் கண்ணுக்கு அது பெரிய விருந்து. ஆனால் பார்சலோனாவில் அந்தப் படகை உற்றுப் பார்த்தாயா? எட்டுப் பேர், ஒரு பக்கத்துக்கு நாலு. நாலு பேர் குழிக்குள் குனிந்து, பாயை இழுக்கத் தேவையான விசைக்காக சைக்கிள் மாதிரி மிதிக்கிறார்கள். வெளியே தெரிவது தலைக்கவசத்தின் உச்சி மட்டும். ஒருவன் பயந்தானா சிரித்தானா ஒன்றும் தெரியாது. நேப்பிள்ஸில் மிதிக்கிறவர்களும் கிடையாது, பேட்டரி வேலை செய்யும், படகுக்கு ஐந்து பேர்தான். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், அதற்கு நான் கை தட்டுகிறேன். ஆனால் முகம் தெரியாத பந்தயத்தைப் பார்த்து யார் அழுவார்கள், யார் கத்துவார்கள்?

1983 படகு மெதுவானதுதான். ஆஸ்திரேலியா இரண்டு என்ற அந்தப் படகின் அடியில் நீருக்குள் இருக்கும் கீலில் ரகசியமாக இறக்கை வைத்திருந்தார்கள், கரையேற்றும்போதெல்லாம் துணி போட்டு மறைத்தார்கள். உள்ளே என்ன என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டது. 3-1 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்து, அமெரிக்கர்கள் 132 வருஷம் வைத்திருந்த கோப்பையைப் பறித்தார்கள். பெர்த்தில் அப்போது விடிகாலை ஐந்தரைக்குக் கிட்டே, நம் கடிகாரமும் அதே நேரம்தான். இன்றைக்கு வேலைக்கு வராதவனை வேலையிலிருந்து நீக்குகிற முதலாளி உருப்படாதவன் என்கிற மாதிரி பிரதமர் பாப் ஹாக்கே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்.

வேகமும் மனமும் ஒன்றாக வந்தது 2013-இல்தான். நியூசிலாந்து 8-1 என்று முன்னால், இன்னும் ஒரே ஒரு பந்தயம் ஜெயித்தால் கோப்பை. காற்று செத்துப்போன ஒரு நாள், அவர்கள் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே 40 நிமிடக் கெடு முடிந்து பந்தயம் ரத்தானது. கோப்பை கைக்கு எட்டி வாய்க்கு எட்டவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுகூட ஜெயிக்காமல் 9-8 என்று அமெரிக்காவின் ஆரக்கிள் அணியிடம் தோற்றார்கள். ஜெயித்த அணியின் நிர்வாகத் தலைவர் யார் தெரியுமா? 1995-இல் ஊர்வலம் போன அதே ரசல் கூட்ஸ்! அந்தத் தோல்வியை உன் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார் என்று நீயே ஒருமுறை எழுதினாய். பார்சலோனா வெற்றி அவருக்கு நினைவில் இல்லை, சான் பிரான்சிஸ்கோ தோல்வி இருக்கிறது. உன் கேள்விக்கு அவரே பதில்.

2025 ஜனவரியில் பேரனைத் தூக்கிக்கொண்டு வின்யார்ட் முனையில் செயில்ஜிபி என்ற பாய்மரப் பந்தயத்தைப் பார்த்ததை எழுதியிருந்தாய். எல்லாரும் ஒரே அச்சுப் படகு, நாட்டுக்கு ஒன்று, கரையை ஒட்டி ஓட்டம். உட்கார இடமில்லாத கூட்டம் என்றாய். உன் தெருவில் செத்துப்போனது என்று நீ நினைக்கும் ஆசை அங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறது, பார்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பந்தயம் போகிறது, உனக்குத் தெரியும். 1990-இலிருந்து நவம்பரில் ராஜா மூடா சிலாங்கூர் பந்தயம், போர்ட் கிள்ளானில் தொடங்கி பங்கோர், பினாங்கு, லங்காவி என்று. லூமுட்டில் வேலை பார்த்த காலத்தில் ஷிப்டு முடிந்து துறையில் நின்று பார்ப்பேன். பாய் திரும்பும்போது பட்டென்று ஒரு சத்தம், அடுத்த நொடி கயிறு இழுக்கும் விஞ்ச் கரகரவென்று சுற்றும். ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆறேழு பேர் ஒரே குனியலில் அடுத்த பக்கம் தாவுவார்கள். உப்பு காய்ந்து அவர்கள் முகம் வெள்ளை பூத்திருக்கும். அவ்வளவு கிட்டே தெரியும். லூமுட் நம் ஊரிலிருந்து எட்டிவிடும் தூரம்தான், ஆனால் நம் பிள்ளைகள் யாரும் வந்து பார்த்ததில்லை. அது வேறு யாருக்கோ உரியது என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம்.

அது எனக்குப் பொறுக்கவில்லை, மாணிக்கம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவுக்கும் போனாள், பாரிஸுக்கும் போனாள். வேலூரில் பிறந்த ராணுவ வீரன் விஷ்ணு சரவணன் ஹாங்சோவ் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினான். நம்மைப் போல வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் இதைச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு சுட்டி, "தாத்தா, காத்து முன்னாடியிருந்து அடிச்சா படகு எப்படி முன்னாடி போகும்?" என்று கேட்டாள். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன், மணி அடித்தும் எழுந்து போகவில்லை.

இதுதான் அந்தக் காரியம். நவம்பரில் அந்தப் பிள்ளைகளை லூமுட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறேன், தலைமையாசிரியரிடம் பேசியாயிற்று, வேன் கிடைத்துவிடும். அதோடு நிற்கக்கூடாது என்று பார்க்கிறேன். சிறுபிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் என்று 2.3 மீட்டர் குட்டிப் படகு இருக்கிறதே, ஒரே ஆள் ஓட்டுவது, அதில் ஏற்றிவிட வேண்டும். ஆக்லாந்தில் படகு சொந்தமில்லாத வீட்டுப் பிள்ளைகளை கிளப்புகள் எப்படிச் சேர்க்கின்றன? இரவல் படகு உண்டா, என்ன கட்டணம், நீந்தத் தெரியாத பிள்ளைக்கு முதலில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? உன் மகனை விட்டு விசாரித்து விவரமாக எழுது. பழைய மிதவைச் சட்டை சின்ன அளவில் மலிவாகக் கிடைத்தால் அதையும் பார்த்து வை. செலவை நான் அனுப்புகிறேன்.

நீயும் தங்கச்சியும் நவம்பரில் வர முடியுமா? அறை காலியாகத்தான் இருக்கிறது. மழைக்காலம், குடை கொண்டு வா.

அன்புடன்,
இராமையா