செயலாளர் ஆண்டறிக்கை: கோடை முகாமும் மற்றவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மழைநீர் வடிகாலில் தொடங்கி மழைநீர் வடிகாலிலேயே முடிவது இந்த அறிக்கையின் வழக்கம். இம்முறை அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: மனு கொடுத்தோம், வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், தண்ணீர் இன்னும் நான்காவது தெருவில்தான் நிற்கிறது. தெருவிளக்குகள் எரிகின்றன. பொங்கல் விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டியின் நடுவே கயிறு அறுந்துவிட்டதால் இரண்டு தெருக்களுக்கும் பரிசு கொடுத்தோம். நூலகத்துக்குப் புது அலமாரி வந்துவிட்டது. அதில் அடுக்கவேண்டிய புத்தகங்கள் உறுப்பினர் வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன என்று நம்புகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மீதி நேரத்தைக் கோடை முகாமுக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். சென்ற ஆண்டு இதே கூட்டத்தில், ஒரு கல்லூரி மாணவியை முகாம் தலைவியாக அமர்த்துவது சரிதானா என்று கேள்வி எழுந்தது. கேள்வியை எழுப்பியவர்களில் முதல் ஆள் நான்தான். எனவே பதில் சொல்லவேண்டிய கடமையும் எனக்கே.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன். 2018 மே மாதம், ஏலகிரி முகாம். அப்போது அது வேலூர் மாவட்டம். திருப்பத்தூர் மாவட்டம் அடுத்த ஆண்டுதான் பிறந்தது. பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். வளைவு வரும்போதெல்லாம் பிள்ளைகள் பெயர்ப்பலகையைப் படித்துக் கூச்சல் போட, ஏழாம் வகுப்பு முடித்த ஒரு சிறுமி மட்டும் ஜன்னல் ஓரம் பாலித்தீன் பையில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். எந்த வள்ளலும் அவளுக்கு உதவவில்லை. மேலே போய் இறங்கியவள் யாரோடும் பேசவில்லை. மதியம் சாப்பிடவில்லை. ஸ்டோர் அறை வாசல்படியில் துணிப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். ‘எப்போது ஊருக்குப் போவோம்’ என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு சொல் வரவில்லை. அன்றிரவு நான் என் கையெழுத்தில் எழுதியது பதிவேட்டில் அப்படியே இருக்கிறது: “ஒத்துழைப்பு இல்லை. நாளை திருப்பி அனுப்பலாம்.”

அனுப்ப முடியவில்லை. அழைத்துப்போக வீட்டில் ஆள் இல்லை. அவள் அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை, விடுப்பு கிடைக்காத மாதம். மறுநாள் காலை நம் சமையல் மாஸ்டர் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டே, “பாப்பா, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், அந்த டம்ளர்களை எண்ணி வை” என்றார். 48 இருக்கவேண்டிய இடத்தில் 45 இருந்தன. அவள் எழுந்து தேடப் போனாள். ஒன்று துவைக்கிற கல்லுக்குப் பின்னால். ஒன்று பலாமரத்தடியில், எறும்போடு. மூன்றாவது என் கூடாரத்தில், நான் சவரம் செய்த தண்ணீரோடு. உள்ளே வந்தாள், தண்ணீரை வெளியே ஊற்றினாள், டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மதியம் இரண்டு முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டாள் என்று மாஸ்டர் சொன்னார்.

2019இலும் வந்தாள். விருப்பத்தால் அல்ல, வேறு வழியில்லாததால். ஸ்டோரிலேயே இருக்கிறேன் என்று கேட்டாள். நாங்கள் அணியில்தான் சேர்த்தோம். புதிய உறுப்பினர்களுக்காக இங்கே சிறு விளக்கம். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து முதல் சாரணர் முகாமை நடத்தினார். வசதியான பள்ளிப் பிள்ளைகளையும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். நம் நாட்டுக்கு இந்த இயக்கம் வந்த புதிதில் இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை என்பதும், அன்னி பெசன்ட் சென்னையிலிருந்து அவர்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கியதும் வேறு கதை. நான் பணியிலிருந்த காலத்தில் சாரண ஆசிரியராகவும் இருந்தவன். நம் முகாமிலும் அந்த அணி முறையைத்தான் வைத்திருக்கிறோம். எட்டுப் பிள்ளைகள், அவர்களில் ஒருவர் தலைவர். பெரியவர்கள் எட்டி நிற்கவேண்டும். எட்டி நிற்பது எங்களுக்கு எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியாது.

நோய்த்தொற்றால் இரண்டு கோடைகள் முகாம் இல்லாமல் போயின. 2022இல் பொதுத்தேர்வுகள் மே கடைசிவரை நீண்டதால் முகாமை ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளினோம். தேர்வு எழுதிய கை வலி ஆறுமுன் அந்தப் பெண் பேருந்தில் ஏறிவிட்டாள். இம்முறை அணித் தலைவி. இதை நான் வெற்றியாகச் சொல்ல வரவில்லை. அந்த ஆண்டு அவள் அணிதான் எல்லாவற்றிலும் கடைசி. காரணம், எல்லா வேலையையும் அவளே செய்தாள். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்தாள், கூடாரக் கயிற்றை இறுக்கினாள், எட்டுப் பேர் தட்டையும் கழுவினாள். மற்ற ஏழு பேரும் திண்ணையில் உட்கார்ந்து தாயம் ஆடினார்கள். மூன்றாம் நாள் முகாமின் ஆசிரியை அவளைக் குழாயடியில் நிறுத்தி, “எட்டுத் தட்டையும் நீயே கழுவினால் அவர்கள் ஏழு பேரும் எதற்காக இந்த மலை ஏறி வந்தார்கள்?” என்று கேட்டார். அவள் அழுதாள். 2018இல்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான்காம் நாள் காலை அவள் தன் தட்டை மட்டும் கழுவிவிட்டு நின்றாள். மீதி ஏழு தட்டுகளும் பத்து மணிவரை ஈ மொய்த்துக் கிடந்தன. போய்ச் சொல்லலாம் என்று எனக்குக் கை பரபரத்தது. ஆசிரியை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பத்து மணிக்கு ஒரு பையன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான்.

என்னைக் கேட்டால், அந்தக் காலை நேரத்தில்தான் அவள் தலைவியானாள். 2023இல் வேலைப்பங்கீட்டுப் பட்டியல், 2024இல் முழு ஸ்டோர் பொறுப்பு என்று பதிவேட்டில் இருப்பவை எல்லாம் அதற்குப் பிறகு தானாக நடந்தவை. இங்கிருந்து ‘அவர்’ என்றே எழுதுகிறேன். முகாம் தலைவி, மரியாதை பதவிக்கு.

இந்த ஆண்டு முகாம் ஐந்து நாள். 46 பிள்ளைகள், ஆறு அணிகள். பெரியவர்களாக ஆசிரியையும், மாஸ்டரும் அவருடைய உதவியாளரும், நானும். தலைவி பொறுப்பேற்றதும் செய்த முதல் காரியம் என் சட்டம் ஒன்றைத் தூக்கியது. முகாமில் வீட்டுக்குத் தொலைபேசி கிடையாது, மூன்றாம் நாள் ஒருமுறை மட்டும் என்பது நான் பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்த விதி. பேசினால் அழுவார்கள், அழுதால் ஒட்டமாட்டார்கள் என்பது என் வாதம். தினமும் மாலை சுண்டலுக்குப் பிறகு முகாம் போனில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அவர் மாற்றினார். “சார், எனக்கு அன்று மூன்றாம் நாள்வரை மூச்சு முட்டியது. இரண்டு நிமிடம் பேசியிருந்தால் முதல் நாளே சாப்பிட்டிருப்பேன்” என்றார். முதல் நாள் வரிசை சமையற்கட்டுவரை நீண்டது. என் வாதம் வென்றது என்று ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் வரிசையில் நின்றவர்கள் நான்கைந்து பேர். அதில் ஒருவன் வீட்டு நாய்க்குட்டியை விசாரித்துவிட்டு வைத்துவிட்டான்.

என் விதிகளில் இன்னொன்றும் இந்த ஆண்டு போனது, அது போகவேண்டியதுதான். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டவேண்டும், கீறி இரத்தத்தை வெளியேற்றவேண்டும் என்று நானே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். இரண்டும் தவறு. கட்டினால் கையோ காலோ கெடலாம். கீறினால் புண்ணும் இரத்தப்போக்கும்தான் மிச்சம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுபோகவேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் படங்களையும் ஒட்டி, தலைவி முதல் நாளே ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். வடநெம்மேலியில் இருளர்கள் 1978இலிருந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்புகளிலிருந்து நஞ்சு எடுத்து மருந்து தயாரிப்புக்குக் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது, நஞ்சிலிருந்தே மருந்தா என்று பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். கடைசி வரிசையில் நானும் குறிப்பு எடுத்தேன். பாம்பு எதுவும் வரவில்லை. செருப்பை உதறிப் போடும் பழக்கம் வந்தது.

இரண்டாம் நாள் இரவு கோடை மழை கொட்டியது. கூடாரங்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டச் சொல்லியிருந்தும் இரண்டு அணிகள் வெட்டவில்லை. அவர்களுடைய பாய்கள் மிதந்தன. எனக்கு விழிப்பு வந்தபோது எல்லாக் கூடாரங்களும் காலி. வராந்தாவில் பிள்ளைகளை அணி அணியாக உட்கார வைத்து, தலைவி டார்ச் வெளிச்சத்தில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். 45. மறுபடி எண்ணினார். 45. கத்தவில்லை, ஓடவில்லை. “நான்காவது அணி, உங்களுக்குப் பக்கத்தில் தூங்கியது யார்?” என்று மட்டும் கேட்டார். இரண்டு நிமிடத்தில் ஆள் கிடைத்தாள். மழைச் சத்தத்துக்குப் பயந்து முன்னதாகவே ஸ்டோரில் புகுந்து அரிசி மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு ஆயுளில் ஓராண்டு குறைந்திருக்கும். அதன் பிறகு தலைவி என்னிடம் வந்து, வாய்க்கால் வெட்டாத இரண்டு அணிகளிடமும் காலையில் தானே பேசிக்கொள்வதாகவும் நான் பேசவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நான் பேசவில்லை. அதையும் ஆண்டுப் பணிகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு குறையைச் சொல்லாவிட்டால் அறிக்கை முழுமையாகாது. ஐந்தாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் வந்த நாளிலிருந்தே ஊருக்குப் போகவேண்டும் என்றான். தலைவி அவனிடம் டம்ளர்களை எண்ணச் சொன்னார். எண்ணமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். சமையற்கட்டு, பலாமரம், ஏரியில் படகு எதுவும் எடுபடவில்லை. தினமும் இரண்டு நிமிடம் அப்பாவிடம் பேசினான். மூன்றாம் நாள் அப்பா வந்து அழைத்துப்போனார். இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் பழகியிருப்பான் என்று நான் வாதாடினேன். “எனக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்குமா, சார்?” என்றார் தலைவி. அவனை வழியனுப்ப எல்லா அணிகளையும் வாசலுக்கு வரவழைத்தார். பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று பிறகு பார்த்தேன்: “மூன்று நாள் இருந்தான். பூச்சி பார்ப்பதில் ஆர்வம். அடுத்த ஆண்டு கடிதம் அனுப்பவும்.” 2018இல் அதே பக்கத்தில் நான் எழுதியதை மேலே வாசித்தேன்.

சனிக்கிழமை காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குச் சென்றோம். 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கியின் அடியில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977இல் தெரியவந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1988இல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர். இரவில் வானம் முழுக்க மேகம். ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. வண்டியில் திரும்பும்போது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு தலைவிக்குக் கல்லூரி இறுதியாண்டு. முகாமுக்கு வர இயலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தன் இடத்துக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் ஒரு பையனைப் பழக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்திருக்கிறார். வாய்க்கால் வெட்டாத இரண்டு அணிகளில் ஒன்றின் தலைவன் அவன். எனக்கு இதில் கடுமையான ஆட்சேபம் உண்டு. இடைக்காலமாக ஆசிரியை தலைமையேற்பார், அந்தப் பையன் அவருக்கு உதவியாக இருப்பான் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. எதிர்த்து வாக்களித்தது நான் ஒருவன்தான் என்பது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

சம்பளம் வாங்காமல் ஐந்து நாள் அடுப்பருகே நின்ற மாஸ்டருக்கும், தோட்டத்தை வாடகையின்றித் தந்த ஏலகிரி நண்பருக்கும், தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் சங்கத்தின் நன்றி. முகாமுக்குக் கொண்டுபோன தார்ப்பாய்களில் இரண்டும் பெரிய இரும்புக் கடாயும் இன்னும் ஸ்டோருக்கு வந்துசேரவில்லை. வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டு, வரவு செலவு வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்