படத்தைக் கேட்காதே, நிரலைக் கேள்

மயிலாப்பூர்,
சென்னை – 4

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கும் நலம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான். ஊரில் பேச்செல்லாம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான்.

குடியிருப்போர் சங்க மலருக்காகச் சென்னை ஏரிகளின் நீர் இருப்பை ஏஐ-யிடம் கொடுத்து சார்ட் போட்டாயே, முதல் படம் அழகாக வந்தது, "நிறத்தை மட்டும் மாற்று" என்றதும் எண்களே மாறிவிட்டன என்று எழுதியிருந்தாய். அது ஏன் ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏஐ இரண்டு வழியில் சார்ட் தரும். ஒன்று, ஓவியம் வரைவது போலப் படமாகவே உருவாக்கித் தருவது. அதில் பட்டையின் உயரத்துக்கும் உன் எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. அதைத் தொடவே தொடாதே. இன்னொன்று, பைதான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதி, அதை ஓட்டி, வந்த படத்தைக் காட்டுவது. நமக்கு வேண்டியது இதுதான். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. எண்களை நீ உரையாடலிலேயே ஒட்டியிருந்தால், அது அவற்றை நிரலுக்குள் தட்டச்சு செய்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரல் முழுவதையும் மறுபடி எழுதும்போது அந்த எண்களையும் மறுபடி எழுதுகிறது. பட்டியல் நீளமாக இருந்தால் நடுவில் வரிகள் விழும், இலக்கம் பிசகும். உனக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் எண்களை ஒரு சிஎஸ்வி கோப்பாக, அதாவது அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாகச் சேமித்த கோப்பாகக் கொடு. "இந்தக் கோப்பிலிருந்து மட்டும் படி, எந்த எண்ணையும் நிரலில் நேரடியாக எழுதாதே" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடு. படம் கேட்பதற்கு முன் இன்னொன்று: மொத்தம் எத்தனை வரி, முதல் மூன்று, கடைசி மூன்று, ஒவ்வொரு ஏரிக்கும் மிகக் குறைந்த, மிக அதிக அளவு, எத்தனை காலி இடம், இவ்வளவையும் எழுதிக் காட்டச் சொல். எக்செல்லைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒப்பிடு. இரண்டு நிமிட வேலை.

ஏரிகளின் கொள்ளளவையும் சேர்த்துக் கொடுத்துவிடு: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500, எல்லாம் மில்லியன் கன அடியில். "இதைத் தாண்டும் வரி இருந்தால் வரையாதே, எனக்குக் காட்டு" என்று சொல். தட்டச்சில் ஒரு சுழி கூடியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். "3,231" என்று காற்புள்ளியோடு இருந்தால் அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் படிக்கப்படும். காற்புள்ளியை நீக்கிப் படிக்கச் சொல்லவும் மறக்காதே.

இனி தேதி. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நாம் 05/06/2019 என்று எழுதினால் ஜூன் 5. பைதானில் அட்டவணை படிக்கும் பாண்டாஸ் முதல் வரியைப் பார்த்து வடிவத்தை ஊகிக்கும். முதல் வரி 01/01/2019 என்றால் மாதம்தான் முன்னால் என்று எடுத்துக்கொள்ளும். 13/01/2019 வந்ததும் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று பிழை எழும். ஏஐ உடனே "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லி, புரியாத தேதிகளையெல்லாம் காலியாக்கிவிட்டுப் படத்தைக் கொடுக்கும். விளைவைப் பார்: ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதிக்குப் பிறகு எதுவும் இருக்காது, 365 வரியில் மிஞ்சுவது 144 மட்டும். மிஞ்சியவையும் இடம் மாறியிருக்கும். ஜூன் 1 ஜனவரி 6 ஆகும், ஜூன் 2 பிப்ரவரி 6 ஆகும். படத்தில் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். ஏரி அப்படி ஏறி இறங்காது. மழையில் ஏறும், பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். ரம்பப் பல்லைக் கண்டால் முதலில் தேதியைச் சந்தேகப்படு. "தேதி நாள்/மாதம்/ஆண்டு என்ற வடிவில் இருக்கிறது, ஊகிக்காதே, படிக்க முடியாத வரியை நீக்காமல் எனக்குச் சொல்" என்று எழுதினால் போதும்.

காலி இடத்தைப் பற்றியும் கண்டிப்பாக இரு. பல ஊர்க் கணக்கில் சுழி என்றால் 'தகவல் இல்லை' என்று தள்ளிவிடலாம். நம் ஊரில் முடியாது. 2019 ஜூனில் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. அங்கே சுழி என்பது உண்மையான செய்தி. அதனால் சுழி சுழியாகவே இருக்கட்டும், காலி காலியாகவே இருக்கட்டும். ஒரு நாளின் வரியே கோப்பில் இல்லையென்றால், முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். பார்ப்பவருக்கு அளந்த எண் போலவே தெரியும். "எல்லாத் தேதிகளையும் வரிசையாக வை, விட்டுப்போன நாளில் கோட்டை அறு" என்று கேள்.

சதவீதமாகக் காட்டுவதாக இருந்தால் ஒரு கவனம். கண்ணன்கோட்டை 2020 நவம்பரில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. மேலே சொன்ன கணக்கில் அதற்கு முன் நான்கு ஏரிகள், 11,257; இப்போது ஐந்து, 11,757. இருப்பு 5,628 என்று வைத்துக்கொள்: நான்கு ஏரிக் கணக்கில் அது 50 சதவீதம், ஐந்து ஏரிக் கணக்கில் 47.9. ஏஐ எல்லா ஆண்டையும் ஒரே எண்ணால் வகுத்துவிடும், கேட்டால் ஒழியச் சொல்லாது. என்னைக் கேட்டால் மலருக்குச் சதவீதமே வேண்டாம். மில்லியன் கன அடியிலேயே போடு; கீழே "1,000 மில்லியன் கன அடி = 1 டிஎம்சி" என்று ஒரு வரி போதும்.

ஆண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுவதென்றால் கிடை அச்சை ஜனவரியில் தொடங்காதே. நம் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் வெட்டினால் ஏறிய தண்ணீர் ஒரு கோட்டிலும் அது செலவாவது இன்னொரு கோட்டிலும் போய்விடும். அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடி. லீப் ஆண்டின் பிப்ரவரி 29-ஐ விட்டுவிடச் சொல். இல்லாவிட்டால் மார்ச்சிலிருந்து ஒரு நாள் தள்ளிப்போகும். மழையளவையும் காட்ட ஆசையிருந்தால் வலப்பக்கம் இரண்டாவது அச்சு வேண்டாம். மேலே மழை, கீழே இருப்பு என இரண்டு தட்டாக, ஒரே தேதி அச்சில் போடு.

தமிழ் எழுத்து கட்டமாக வருகிறது என்றாயே, அது எழுத்துரு இல்லாததால். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நீயே ஏற்றிக் கொடுத்தால் கட்டம் போய்விடும், ஆனால் பிழை போகாது. பைதானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் எழுத்துகளைத் தட்டச்சு வரிசையிலேயே வைத்துக்கொண்டு போகும் வழக்கமுடையது. செம்பரம்பாக்கத்தில் ஒற்றைக்கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் 'ம்'முக்கு முன்னால் நிற்கும். சோழவரத்திலும் கொம்பு பின்னால்தான் போகும். பூண்டியும் புழலும் கொம்பில்லாத பெயர்கள் என்பதால் முதல் பார்வைக்குத் தப்பிவிடும், ஏமாறாதே. வழி இது: படத்தை எஸ்விஜி-யாக, எழுத்தை உருவமாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்துத் தரச் சொல். பிரவுசரில் திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்குக் கொடு.

மாற்றங்களை ஒன்றொன்றாகக் கேள். "கொஞ்சம் நன்றாக்கு" என்றால் நிறம், வரிசை, அச்சின் தொடக்கம் எல்லாவற்றையும் கலைத்துவிடும். "புழலுக்கான கோட்டின் நிறத்தை மட்டும் ஆரஞ்சு ஆக்கு, வேறு எதையும் தொடாதே, மாறிய வரியை மட்டும் காட்டு" என்று சொல். ஒவ்வொரு முறையும் நிரலை ஏரி-1, ஏரி-2 என்று உன் கணினியில் சேமி. ஏற்றிய கோப்பு சிறிது நேரத்தில் அங்கிருந்து அழிந்துவிடக்கூடும். மறுநாள் அதே உரையாடலில் தொடர்ந்தால் கோப்பில்லாமலே ஏதாவது வரையப் பார்க்கும். கோப்பையும் கடைசி நிரலையும் சேர்த்துப் புது உரையாடலில் கொடுத்துத் தொடங்கு.

மலர் கருப்பு வெள்ளையில்தானே அச்சாகிறது? அப்படியானால் நிறத்தை நம்பாதே. 2019-க்குத் தடித்த கோடு, மற்ற ஆண்டுகளுக்குப் புள்ளிக்கோடு, ஒவ்வொன்றின் வலக்கோடியில் ஆண்டை எழுதச் சொல். தண்ணீர் வரி பாக்கிப் பட்டியலையும் சார்ட்டாக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வீட்டு எண்ணும் கைபேசி எண்ணும் இருக்கும் பத்திகளை அழித்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

கோப்பின் முதல் இருபது வரியையும் இப்போது கையிலிருக்கும் நிரலையும் எனக்கு அனுப்பு. தேதி எப்படிப் படிக்கப்படுகிறது என்று ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்