தம்பி, உன் லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்த்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

"கொஞ்சம் பாருங்கண்ணா, ஏன் ஒருத்தர்கூட கூப்பிட மாட்டேங்கறாங்க" என்று லிங்க் அனுப்பியிருந்தாய். பார்த்தேன். நீ கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு அது தெரிய வழியே இல்லை.

பெயருக்குக் கீழே இருக்கும் வரியை எடுத்துக்கொள். நல்ல வாய்ப்பைத் தேடும் ஆர்வமுள்ள இளைஞன் என்று போட்டிருக்கிறாய். ஆள் எடுப்பவர் யாரும் தேடும்போது 'ஆர்வமுள்ள இளைஞன்' என்று அடிப்பதில்லை. டேட்டா அனலிஸ்ட் என்று வேலையின் பெயரையோ, எஸ்க்யூஎல், பவர் பிஐ என்று அந்த வேலைக்கான கருவிகளின் பெயரையோ அடிப்பார், அப்புறம் ஊர், அனுபவம் என்று வடிகட்டிக்கொண்டே போவார், அதில் நீ முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுகிறாய். அந்த ஹெட்லைனில் 220 எழுத்துகள் வரை போடலாம். தேடலில் உன் பெயர் வந்தாலும், எங்கேயாவது நீ கமென்ட் போட்டாலும், பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது அந்த வரிதான்.

எந்தச் சொற்களைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. நீ ஆசைப்படுகிற வேலைக்கான விளம்பரங்கள் ஐந்தாறைத் திறந்து வைத்துப் படி. திரும்பத் திரும்ப வருகிற சொற்களில் உனக்கு நிஜமாகவே தெரிந்தவை எவையோ, அவை மட்டும் ஹெட்லைனிலும் ஸ்கில்ஸ் பகுதியிலும் இருக்கட்டும். தெரியாததைச் சேர்த்தால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கே சாயம் வெளுத்துவிடும்.

அனுபவம் பகுதிதான் எனக்கு ரொம்ப வருத்தம். 'ரிப்போர்ட் தயாரிப்பது என் பொறுப்பு', அவ்வளவுதான். ஆனால் என்னிடம் நீ சொன்ன கதையே வேறு: திங்கட்கிழமை தோறும் மூன்று எக்செல் ஷீட்டிலிருந்து காப்பி பேஸ்ட் செய்து மதியம் வரை இழுத்துக்கொண்டிருந்த விற்பனை ரிப்போர்ட், டேட்டாவைத் தானாக எடுத்துத் தர நீ எழுதிய க்வெரிக்குப் பிறகு எல்லாரும் ஆபீஸ் வருவதற்குள் தயாராக இருக்கிறது. இது ஏன் அந்தப் பக்கத்தில் எங்கேயுமே இல்லை? முன்பு எப்படி இருந்தது, நீ என்ன செய்தாய், இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு வரியில் எழுது. மிச்சமான நேரத்தைச் சொல்லலாம், கம்பெனியின் விற்பனைக் கணக்கைச் சொல்லாதே, அது உன்னுடையது இல்லை.

அபௌட் பகுதியில் 2,600 எழுத்துகளுக்கு இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. முதல் சில வரிகள்தான் கண்ணில் படும், மீதியைப் பார்க்க க்ளிக் செய்ய வேண்டும். அந்த வரிகளில் நீ 'சிறு வயது முதலே' என்று ஆரம்பித்திருக்கிறாய். வெட்டு.

போட்டோவில் உன் தோள்மேல் யாரோ ஒருவர் கை மட்டும் இருக்கிறது. மாற்று.

செய்த ப்ராஜெக்ட்களைப் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்தில், உன் பக்கத்தின் மேலே தெரியும்படி ஆறு ப்ராஜெக்ட் வரை 'பின்' செய்து வைக்கலாம், நீ வைத்திருப்பதெல்லாம் வகுப்புப் பயிற்சிகள். எல்லாருக்கும் திறந்திருக்கிற ஏதாவது ஒரு டேட்டாவை எடுத்து, அந்தத் திங்கட்கிழமை ரிப்போர்ட் மாதிரியே ஒன்று செய்து, ரீட்மீ என்கிற விளக்கக் குறிப்பில் எதற்காகச் செய்தாய் என்று விளக்கிவிடு. தினமும் தன்னம்பிக்கைப் போஸ்ட் போடுவதைவிட இது ஒன்று போதும் (அந்தப் போஸ்ட்களை யார்தான் படிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை).

வேலை தேடுகிறேன் என்று லிங்க்ட்இன்னில் காட்டுகிற ஓபன் டு வொர்க் பற்றிக் கேட்டிருந்தாய். போட்டோவைச் சுற்றி அந்தப் பச்சை வளையம் போட்டால் ஊருக்கே தெரியும். வேலை இல்லாதவர் அதைப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் நீ இப்போது வேலையில் இருக்கிறாய், அதனால் ஆள் எடுக்கிற ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வை. உன் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்கப் பார்ப்போம், முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. அதையும் மனதில் வைத்துக்கொள்.

சரி, இதெல்லாம் மாற்றிய பிறகு மெசேஜ் வர ஆரம்பித்தால் போலிகளும் சேர்ந்தே வருவார்கள். பதிவுக் கட்டணம், ட்ரெயினிங் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எவன் காசு கேட்டாலும் பதில்கூடப் போடாமல் லிங்க்ட்இன்னிடம் ரிப்போர்ட் அடித்துவிடு. கம்பெனி பெயர் பெரிதாக இருந்தால், அவர்களுடைய சொந்த வெப்சைட்டில் அந்த வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

அன்புடன்,
அண்ணன்