தட்டில் இருக்கும் இரண்டு ஆம்பியூல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகள் கடைப்பிடிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வெறும் வயிற்றோடு வருவது, ஒவ்வாமைகளை மறைக்காமல் சொல்வது, ஆடும் பல் இருந்தால் தெரிவிப்பது ஆகிய எல்லாமே தேவையான அறிவுரைகள். (‘காபிதானே குடித்தேன், அது சாப்பாடா?’ என்று கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் கலந்த காபிக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும்.) ஆனால் மயக்கத்தில் கிடப்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. ஆகவே கட்டுரை தொடாத மறுபாதியை, சென்னையில் அறுவை அரங்குகளிலேயே பணிக்காலத்தைக் கழித்த செவிலியர் என்ற முறையில் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் அன்றைய மூன்றாவது சிசேரியன். மரத்துப்போவதற்காக முதுகுத் தண்டில் செலுத்தும் பூபிவகைனும், ரத்தப்போக்கைக் குறைப்பதற்காகச் சிரை வழியே செலுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலமும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டும் நிறமற்ற திரவங்கள். இரண்டும் ஆம்பியூல்கள், அதாவது கழுத்தை உடைத்துத் திறக்கும் சிறு கண்ணாடி மருந்துக் குப்பிகள். அந்த வாரம் வந்த சரக்கு வேறு கம்பெனியுடையது என்பதால், எங்கள் கண்ணுக்குப் பழகிய எழுத்தும் நிறமும் மாறியிருந்தன. கையுறை அணிந்திருந்த மயக்க மருத்துவரிடம் நான் உடைத்து நீட்டியது தவறான ஆம்பியூல். அவர் எப்போதும்போல, “பேரைப் படிங்க சிஸ்டர்” என்றார். வாய்விட்டுப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

டிரானெக்ஸாமிக் அமிலம் முதுகுத் தண்டில் சென்றால் அடங்காத வலிப்பு வரும் என்றும், ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துவிடுகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரிக்கை வெளியிட்டது. அதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அத்தகைய பிழை நேர்ந்த அரங்குகளில் இருந்தவர்கள் எங்களைவிடக் கவனம் குறைந்தவர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களிடம் படிக்கச் சொல்ல அந்த நேரத்தில் ஆள் இல்லாமல் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆக்சிஜன் சிலிண்டர் பொருந்தும் இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரை மாட்ட முடியாதபடி, மயக்க மருந்து இயந்திரத்தில் ஒவ்வொரு வாயுவுக்கும், சிலிண்டரின் துளைகளில் பொருந்தும் ஊசிமுனைகளைத் தனித்தனி இடங்களில் அமைத்திருக்கிறார்கள். மனிதரின் நினைவாற்றலை நம்பாமல் செய்த ஏற்பாடு அது. ஆம்பியூலுக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை என்பதால், அதை நாமே பழக்கத்தால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிரானெக்ஸாமிக் அமிலத்தை மயக்க மருந்துத் தட்டிலிருந்து விலக்கி வேறிடத்தில் வைப்பதற்குச் செலவே கிடையாது. தசைத் தளர்வு மருந்துக்குச் சிவப்பு, வலிநீக்கும் ஓபியாய்டுகளுக்கு நீலம், மரத்துப்போகும் மருந்துக்குச் சாம்பல் என உலகெங்கும் வழங்கும் வண்ணச் சீட்டுகளைச் சிரிஞ்சுகளில் ஒட்டுவதற்கும் பெரிய செலவில்லை. இருந்தும் சிறிய நர்சிங் ஹோம்களில் பிளாஸ்திரித் துண்டில் பேனாவால் கிறுக்குவதே பெரிய காரியமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். காலையில் அண்ணா நகர், மதியம் தாம்பரம் என ஓடும் மயக்க மருத்துவர்களுக்கு ஒவ்வோர் இடத்திலும் மருந்து டிராலியின் அடுக்கு வேறு. அதையாவது ஒரே ஒழுங்கில் வைக்க மருத்துவமனைகள் தமக்குள் பேசிக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டெண்டரில் விலையையும் தரத்தையும் பார்ப்பதோடு, ஒரே அரங்கில் புழங்கும் இரு மருந்துகள் ஒன்றுபோல் தோன்றாதிருப்பதையும் நிபந்தனையாக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை, டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. அந்தப் பட்டியல் நம் ஊரிலும் இருக்கிறது. ஆனால் மயக்கம் கொடுப்பதற்கு முன்பும், கத்தி வைப்பதற்கு முன்பும், நோயாளி அரங்கை விட்டுச் செல்வதற்கு முன்பும் நின்று கேட்க வேண்டிய கேள்விகளுக்கு, அவர் வார்டுக்குப் போன பிறகு ஒரே மூச்சில் டிக் அடிக்கும் வழக்கமும் இருக்கிறது. நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

அன்று நடந்ததை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் மெமோ வரும் என்ற அச்சம்தான் காரணம். மறுநாள் வந்த செவிலியர் அதே தட்டில் அதே இரண்டு ஆம்பியூல்களை எடுத்து வைத்திருப்பார். நூலிழையில் தப்பிய தவறுகளைப் பெயரில்லாமல் பதிவு செய்யும் ஏடு ஒன்று எல்லா அறுவை அரங்கிலும் இருக்க வேண்டும். அதில் எழுதியவர் யார் என்று எவரும் துருவக் கூடாது. மருத்துவமனை நிர்வாகிகளைத் தங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை சந்திக்கும்போது, அப்படி ஓர் ஏடு இருக்கிறதா, அதில் கடைசியாக எழுதப்பட்ட தேதி என்ன என்று கேட்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்,
பெரம்பூர், சென்னை.