அது கடந்ததும் காரைக் கிளப்பாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் மிஷன் பீச், எட்டி பே பக்கம் விடுமுறைக்குக் காரில் வருகிறவர்களுக்கு,

வணக்கம். மழைக்காட்டுச் சாலையில் காசோவரி என்னும் ஆளுயரக் கறுப்புப் பறவை குறுக்கே போனால் பிரேக் போடுகிறீர்கள். நல்லது. ஆனால் அது கடந்த உடனே காரைக் கிளப்பிவிடுகிறீர்களே, பின்னால் குஞ்சுகள் வருமே!

காசோவரியில் பிள்ளை வளர்ப்பது தகப்பன்தான். உடம்பில் பெரியவளான பெட்டை, மூன்று முதல் ஐந்து பச்சை முட்டைகளை இட்டுவிட்டுத் தன் வழியில் போய்விடும். ஆண் ஏறக்குறைய 50 நாள் அடைகாக்கும். கூட்டைவிட்டு எழுவதே அபூர்வம். பொரித்த பிறகும் ஒன்பது மாதமோ அதற்கு மேலோ குஞ்சுகளைக் கூடவே கூட்டிக்கொண்டு திரியும்.

எட்டி பே மணலோரம் தள்ளி நின்று ஒரு காலை முழுக்கப் பார்த்தேன். பழுப்பும் வெளிர்மஞ்சளுமாக வரிபோட்ட மூன்று குஞ்சுகள். தகப்பன் உதிர்ந்த பழம் ஒன்றை அலகால் எடுத்தது. விழுங்காமல் ஒரு குஞ்சின் முன்னால் போட்டது. குஞ்சு கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தது. மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. உள்விரலில் 12 செ.மீ. வரை நகம் வளரும் கால் அது. அந்தக் காலைக் குஞ்சுகளுக்கு நடுவே எவ்வளவு பார்த்துப் பார்த்து வைக்கிறது தெரியுமா?

எது தீனி, எங்கே கிடைக்கும் என்று குஞ்சு இப்படித்தான் படிக்கிறது. அதனால்தான் ஜன்னல் வழியே நீங்கள் வீசும் வாழைப்பழத்தைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. இன்று தின்ற தகப்பன் நாளைக்குப் பிள்ளைகளோடு அதே தார்ச்சாலைக்கு வந்து நிற்கும். தீனி போடுவது சட்டப்படியும் குற்றம். தகப்பன் அடிபட்டுச் செத்தால் அம்மா வந்து குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்ளாது. அப்படித் தனித்துப்போனவற்றுக்கும் அடிபட்டவற்றுக்கும் கார்னர்ஸ் பீச்சில் ஒரு காப்பகம் இருக்கிறது. அங்கே பழம் நறுக்கிக் கொடுக்க ஆள் உண்டு. காட்டில் எந்த மரத்தடியில் எப்போது பழம் கிடக்கும் என்று கூடவே நடந்து காட்ட யார் இருக்கிறார்கள்?

சரி, என்ன செய்யலாம்? நாயைக் கட்டியே வைத்திருங்கள். போட்டோ எடுக்க இறங்காதீர்கள். தகப்பனுக்கும் குஞ்சுக்கும் நடுவே நீங்கள் புகுந்தால் அது உதைக்கத்தான் வரும். ஹாரன் அடிக்க வேண்டாம். பறவை கடந்த பிறகு அது வந்த பக்கத்துப் புதரையே பார்த்துக்கொண்டிருங்கள். பின்தங்கிய குஞ்சும் சாலையைத் தாண்டட்டும். அப்புறம் மெதுவாக எடுங்கள்.

அன்புடன்,
இங்கே அடிக்கடி வந்து பார்த்து நிற்கும் ஒருவர்