பதிலி என்ற சொல்

ஐயா,

மகப்பேறு விடுப்பில் சென்ற ஆசிரியைக்குப் பதிலாக வந்தவரைத் தங்கள் நாளிதழ் ஒரு பத்தியில் ‘பொறுப்பு ஆசிரியை’ என்றும், அடுத்த பத்தியில் ‘இடைக்கால ஆசிரியை’ என்றும் எழுதியிருந்தது. இரண்டும் பொருந்தாது. பதவி காலியாக இருந்து, நிரந்தர ஆள் வரும்வரை அமர்த்தினால்தான் இடைக்காலம். தன் வேலையோடு இன்னொரு நாற்காலியையும் சேர்த்துக் கவனிப்பவருக்கே கூடுதல் பொறுப்பு. இங்கே உரியவர் திரும்பி வரப்போகிறார். அதுவரை அவர் இடத்தில் நிற்பவர் பதிலி.

கோவைப் பஞ்சாலைகளில் வேலை பார்த்த எங்களுக்கு இது உடம்பில் ஏறிய சொல். கையில் தூக்குப்போசியுடன் விடியுமுன்னே ஆலை வாசலில் நிற்போம். யார் வரவில்லை என்று பார்த்து மேஸ்திரி விரல் நீட்டினால் அன்றைக்கு நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரத்தில் வேலை. இல்லாவிட்டால் சோறு ஆறாமலே வீடு திரும்பும். நான் நான்கு ஆண்டுகள் அப்படி நின்றேன். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டமே பதிலித் தொழிலாளி யார் என்று வரையறுத்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்துவிட்டால், ஆலை வேலை தர முடியாத நாட்களுக்குக் கொடுக்கும் லே-ஆப் இழப்பீட்டுக்கு அவரைப் பதிலியாகக் கருதக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஒரு சொல்லில் எங்கள் கூலி தொங்கிக்கொண்டிருந்தது.

‘பதில்’ அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். மில் தொழிலாளியின் வாயில் அது தமிழாகிப் பல காலம் ஆகிவிட்டது. தயவுசெய்து அதை அச்சில் வாழவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.