அவிழாத முடிச்சு: மொழிபெயர்ப்புத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும்,

வணக்கம். சுவீடன் நாட்டுத் தொழிலாளர் கவிஞர் டான் ஆன்டர்சனின் பாட்டுகளையும் கதைகளையும் சுவீடிஷ் மொழியிலிருந்து நேரே தமிழாக்கித் தங்கள் உலக இலக்கிய வரிசைக்கு நான் அனுப்பியிருந்த கைப்பிரதி, பதினாறு மாதங்களுக்குப் பிறகு, சென்ற வாரம் சுவீடனின் லுட்விகா நகரில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. உடன் நான்கு வரிக் கடிதம் ஒன்றும் இருந்தது. ஆசிரியர் பன்னாட்டு விருது பெற்றவர் அல்லர் என்றும், தமிழ் வாசகர்கள் அவருடைய உலகத்தோடு ஒன்ற வாய்ப்புக் குறைவு என்றும், விதிப்படி சேர்க்க வேண்டிய ஆங்கிலப் பதிப்பின் நகல் சேர்க்கப்படவில்லை என்றும், ஆகவே பரிசீலிக்க இயலவில்லை என்றும் அதில் கண்டிருந்தது.

எழுதுகிறவனுக்கு நிராகரிப்பு புதிதல்ல. அதற்காக மடல் எழுதும் வயதை நான் எப்போதோ கடந்துவிட்டேன். இதை எழுத வைத்தது ஒரு சணல் கயிறு. அந்த 212 பக்கங்களையும் அட்டைக்குள் வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் கயிற்றை இழுத்து, என் அப்பா பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுவதைப் பார்த்துப் பழகிய இரட்டை முடிச்சைப் போட்டு, அது நழுவாமலிருக்க அதன்மேல் ஒரு சொட்டு மெழுகும் விட்டு அனுப்பியிருந்தேன். தங்கள் அலுவலக உறைக்குள்ளிருந்து கட்டை வெளியே எடுத்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை.

பதினாறு மாதம் தங்கள் அலமாரியில் இருந்த ஒரு நூலைப் பற்றி, அதன் கயிற்றை அவிழ்க்காமலேயே, தமிழ் வாசகர் அதனோடு ஒன்ற மாட்டார் என்று அறிய முடிந்த கலையைத் தங்களிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். கட்டைப் பிரித்து, சுவீடிஷ் அறிந்த தமிழர் ஒருவரிடம் கொடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கச் செய்யுங்கள். படித்த பிறகு வேண்டாம் என்றால் அந்தத் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்கிறேன்.

முதலில் விருது. டான் ஆன்டர்சன் 1888 ஏப்ரல் 6 அன்று, டாலர்னா மாநிலத்தின் தென்புறக் காட்டில், ஸ்கட்லோஸ்பெரி என்ற சிற்றூரில் பிறந்தார். ஊர்ப் பெயருக்கு ‘வரியில்லாக் குன்று’ என்று பொருள். காட்டில் குடியேற ஆள் பிடிக்க அரசு காட்டிய ஆசையைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஃபின்லாந்திலிருந்து வந்து காட்டை அழித்துப் பயிரிட்டவர்களின் வழிவந்தது அவர் குடும்பம். அப்பா ஏழைப் பள்ளியாசிரியர். பதினான்கு வயதில், குடும்பம் பிழைக்க வழியுண்டா என்று பார்த்துவர, அவரை அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு அனுப்பினார்கள். அந்த வயதில் நம்மில் பலரைத் தனியாகப் பேருந்தில்கூட ஏற்றியிருக்க மாட்டார்கள். பையன் பார்த்துவிட்டு ஊர் திரும்பினான். பிறகு மரம் வெட்டினார், கரிமூட்டம் காத்தார், மதுவிலக்கு இயக்கத்துக்காக ஊர் ஊராகப் பேசினார், தொழிலாளர்களுக்கான புரூன்ஸ்விக் மக்கள் உயர்பள்ளியில் சிறிது காலம் படித்தார்.

1914-இல் ‘கரிமூட்டக்காரர் கதைகள்’ வந்தது. 1915-இல் ‘கரிக்காவலனின் பாட்டுகள்’, 1916-இல் ‘அதை மூடநம்பிக்கை என்பார்கள்’, 1917-இல் ‘கறுப்புக் கதைப்பாடல்கள்’, 1918-இலும் 1919-இலும் ‘வீடற்ற மூவர்’, ‘டேவிட் ராமின் முதுசொம்’ ஆகிய இரு நாவல்கள். ஆண்டுக்கொன்றாக ஆறு நூல்கள். இடையில் யோத்தெபோரி நகரத் தொழிலாளர் நாளேடு ஒன்றில் வேலை, திருமணம், ஓயாத பணமுடை. 1920 செப்டம்பரில் நாளேடு ஒன்றில் வேலை தேடி ஸ்டாக்ஹோம் சென்றவர், ஹெல்மன் விடுதியின் 11-ஆம் எண் அறையில் தங்கினார். மூட்டைப்பூச்சியை ஒழிப்பதற்காக விடுதிக்காரர்கள் ஹைட்ரஜன் சயனைடு புகையடித்திருந்தார்கள். அடித்த பிறகு அறைகளை முறையாகத் திறந்து காற்றோட விடவில்லை. செப்டம்பர் 16 அன்று அவர் அந்த அறையில் இறந்துகிடந்தார். அதே விடுதியில் இன்னொருவரும் இறந்தார். கவிஞருக்கு வயது 32.

முப்பத்திரண்டு வயதில் மூட்டைப்பூச்சி மருந்துக்குப் பலியானவர் பன்னாட்டு விருது வாங்காமல் போனது அவருடைய குறையென்று தாங்கள் கருதினால் நான் வாதாடப் போவதில்லை. அவருக்குப் பின் வந்த தலைமுறையில், அனாதைப் பிள்ளையாக ஊர்ச்செலவில் வளர்ந்து, பிறகு கப்பலில் அடுப்பெரித்த ஹாரி மார்டின்சனுக்கு நோபல் பரிசு கிடைக்கத்தான் செய்தது, 1974-இல், எழுபது வயதில். பரிசளிக்கும் அகாதெமியில் அவரே உறுப்பினராயிற்றே என்று அவர் நாட்டினரே அவரைப் படுத்திய பாட்டைத் தாங்கள் அறிவீர்கள். கிடைக்காதவரைத் தாங்கள் ஒதுக்குகிறீர்கள், கிடைத்தவரை ஊரார் வறுத்தெடுத்தார்கள். தொழிலாளியாக இருந்து எழுதியவருக்கு எந்தப் பக்கம் போனாலும் சுங்கச்சாவடிதான்.

விருது இல்லாதவரை அவருடைய மக்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘கறுப்புக் கதைப்பாடல்கள்’ தொகுப்பில் லூசாவிலிருந்து வந்த பிச்சைக்காரனைச் சுற்றி மனிதர்கள் வட்டமாக அமர்ந்து கேட்கும் பாட்டு ஒன்று உண்டு. அதை ஹூட்டனானி சிங்கர்ஸ் குழு பாடி, சுவீடிஷ் வானொலியின் பாடல் தரவரிசையில் 52 வாரங்கள் இடம்பிடித்தது. பின்னாளில் ‘ஆபா’ குழுவால் உலகப் புகழ் பெற்ற பியோர்ன் உல்வேயஸ் அன்று அந்தக் குழுவில் இருந்தவர். லுட்விகாவில் கோடைதோறும் கவிஞர் பெயரால் ஒரு வாரம் விழா நடக்கிறது. நான் வந்த இரண்டாம் ஆண்டு, தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்து வீட்டுக்குப் போகும் வழியில் அந்த விழாவில் நின்றேன். எனக்கு முன் நின்ற முதியவர், கையில் தாள் ஏதும் இல்லாமல், ஒரு பாட்டின் எல்லா அடிகளையும் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் சுவீடிஷ் படித்ததன் முதல் காரணம் வேலை. இரண்டாவது காரணம் அந்த முணுமுணுப்பு.

அடுத்தது, தமிழ் வாசகர் ஒன்ற மாட்டார் என்பது. இதைத்தான் என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை.

அந்தக் காட்டுப் பகுதியின் இரும்பாலைகளுக்கு வேண்டிய கரியைக் காட்டிலேயே சுட்டு எடுத்தார்கள். பைன் மரக் கட்டைகளையும் ஸ்ப்ரூஸ் மரக் கட்டைகளையும் நட்டவாக்கில் வட்டமாக அடுக்கி, மேலே தழை போர்த்தி, அதன்மேல் கரித்தூளும் மண்ணும் கலந்து மூடி, உள்ளே நெருப்பிடுவார்கள். அது எரிந்துவிடக் கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேண்டும். மேல்மூட்டில் ஒரு விரிசல் விழுந்து காற்று புகுந்தால், மாதக்கணக்கில் வெட்டிச் சேர்த்த விறகு ஓர் இரவில் சாம்பலாகிவிடும். அதனால் வாரக்கணக்கில், பகலும் இரவும், ஒருவன் அதன் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். தாழ்ந்த மண்குடிசையில் காலை நீட்டிப் படுத்து, கண்ணயர்ந்து, திடுக்கிட்டு விழித்து, வெளியே வந்து புகையின் நிறத்தைப் பார்த்து, மூட்டத்தின் மேல் ஏறி, உள்வாங்கிய இடங்களை மிதித்தும் அடித்தும் இறுக்கி, மீண்டும் குடிசைக்குப் போக வேண்டும். மிதிக்கிற இடம் உள்ளே வெந்து கூடாகியிருந்தால் கால் நேரே நெருப்புக்குள் இறங்கும். உப்புக்கண்டப் பன்றியிறைச்சி போட்டுச் சுட்ட தடித்த தோசை போன்ற ஒன்றுதான் சாப்பாடு. பேச்சுத் துணைக்கு ஆளில்லை. டான் ஆன்டர்சனின் பாட்டுகளில் கடவுளும் பேயும் பசியும் பெண்ணும் ஒன்றாக வந்து உட்காருவது இந்த உறங்காத இரவுகளில்தான். ‘கரிக்காவலன்’ என்று அவர் நூலுக்குப் பெயர் வைத்தது அழகுக்காக அல்ல. அது ஒரு வேலையின் பெயர்.

மேல்மூட்டு விரிந்து காற்று புகும் அந்தக் கணத்துக்குத் தமிழில் சொல் கிடைக்காமல் எட்டு மாதம் ஒரு பாட்டை முடிக்காமல் வைத்திருந்தேன். ‘வெடித்தது’ என்றால் பட்டாசு போல் இருந்தது. ‘பிளந்தது’ என்றால் நிலநடுக்கம் போல் இருந்தது. விடுமுறைக்கு ஊர் வந்தபோது முதுகுளத்தூர்ப் பக்கம் சென்று, சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போட்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வாய் விட்ருச்சும்போம், தம்பி. மூட்டம் வாய் விட்டா அம்புட்டும் சாம்பலு” என்றார். பாட்டு அன்று மாலையே முடிந்தது. சுவீடன் நாட்டுக் காட்டில் 1915-இல் எழுதப்பட்ட அந்த அடிகளை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, “அந்த ஆளுக்குக் கூலி யாரு குடுத்தா?” என்பதுதான்.

தமிழ் வாசகர் ஒன்ற மாட்டார் என்று குழு எழுதியதை அந்தப் பெரியவருக்கு யார் தெரிவிப்பது என்று தயவுசெய்து எனக்குக் கூறுங்கள்.

இனி, ஆங்கிலப் பதிப்பின் நகல். ஆங்கிலத்தில் இவருடைய பாட்டுகள் சில வந்துதான் இருக்கின்றன. நகலெடுத்து வைப்பது எனக்கு அரை மணி நேர வேலை. வைக்காததற்குக் காரணம் சோம்பல் அன்று. ‘மீலா’ என்ற சுவீடிஷ் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘கில்ன்’ என்று போடுவார்கள். அதை அகராதியில் தேடித் தமிழாக்கினால் ‘சூளை’ என்று வரும். சூளை என்றதும் நம் கண்முன் நிற்பது செங்கல்லும் புகைபோக்கியும்தான். ஆள் ஏறி மிதித்துக் காக்கிற கரிக்குவியல் அன்று. அதற்குத் தமிழில் ‘மூட்டம்’ என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது. ஆங்கிலம் வழியாக வந்தால் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுவோம். இன்னொன்று: ஊர்ப் பிடில்காரன் ஒருவனின் பிணத்தை விடியுமுன் சுமந்து செல்லும் பாட்டுக்கு அவர் வைத்த தலைப்பில் ‘யூர்டாஃபார்ட்’ என்று ஒரு சொல் வரும். மண், பயணம் என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது. ஆங்கிலப் படியைப் பார்த்துத் திருத்துகிறவர் அதை ‘இறுதிச் சடங்கு’ என்று மாற்றச் சொல்வார். நான் ‘மண்பயணம்’ என்று எழுதியிருக்கிறேன். அது சரியா தவறா என்று மூலம் தெரிந்தவர்தானே சொல்ல முடியும்?

இந்த விதி என் ஒரு நூலோடு நிற்கிற தொல்லையும் அன்று. சுவீடன், நார்வே போன்ற நார்டிக் நாடுகளின் நூல்கள் தமிழுக்கு வரும்போதெல்லாம், சுவீடன் நாட்டார் ‘யோத்தெபோரி’ என்று சொல்லும் ஊர் ‘கோதன்பர்க்’ ஆகிவிடுகிறது. அக்டோபரில் நோபல் அறிவித்த மறுவாரமே ஆங்கிலப் படியைப் பிய்த்து நாலு பேருக்குப் பங்கு போட்டு, புத்தகக் கண்காட்சிக்குள் அச்சேற்றுகிற அவசரம் நம்மிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டு இரவுகளில் மூலத்தை எழுத்தெண்ணிப் படித்தவன் கட்டிய கயிற்றை அவிழ்க்கத்தான் பதினாறு மாதம் போதவில்லை. ஆங்கிலேயர் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், இரண்டு மொழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள இன்னும் அவர்களுடைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது… மன்னிக்க வேண்டும், முறையிட வந்தவன் மேடையேறிவிட்டேன்.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். மூலமொழியிலிருந்து நேரே வரும் ஆக்கங்களுக்கு ஆங்கில நகல் கட்டாயம் என்ற விதியை நீக்குங்கள். அதற்குப் பொதுக்குழு கூட வேண்டும், காலம் ஆகும் என்றால், இந்த ஒரு கைப்பிரதிக்கு மட்டுமாவது சுவீடிஷ் அறிந்த ஒரு வாசகரைத் தாங்களே தேர்ந்தெடுங்கள். அவர் எனக்கு அறிமுகமில்லாதவராக இருப்பதையே விரும்புகிறேன். ஸ்டாக்ஹோமிலும் உப்சாலாவிலும் இரு மொழியும் பழகிய தமிழர்கள் இருக்கிறார்கள். ஈழத்திலிருந்து வந்து இங்கேயே வளர்ந்த தலைமுறை, நான் நாற்பது வயதில் திக்கித் திணறிக் கற்றதைத் தாய்ப்பாலோடு குடித்திருக்கிறது. அவர்களில் ஒருவர் மூலத்தை ஒரு கையிலும் என் தமிழை மறு கையிலும் வைத்துக்கொண்டு, சில பாட்டுகளை வாய்விட்டுப் பாடியும் பார்க்கட்டும். சுவீடிஷ் மெட்டிலேயே உட்காரும்படிதான் எழுதியிருக்கிறேன். உட்காராத இடங்களை அவர் குறித்து அனுப்பினால் திருத்தித் தருவேன்.

கைப்பிரதியை இந்த மடலோடு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். கயிறு அதே கயிறுதான். முடிச்சை மட்டும் மாற்றியிருக்கிறேன். இம்முறை போட்டிருப்பது உருவாஞ்சுருக்கு. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
லுட்விகாவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளன்